மூன்றரை அங்குலம்

வலது புருவத்தின் மேல் பிறை மாதிரி ஒரு தழும்பு.
கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அவர் வந்ததும்
அதைத்தான் முதலில் பார்த்தேன்.
துப்பாக்கி பின்னுக்கு உதைக்கையில்
தொலைநோக்கியின் விளிம்பு வந்து கடித்த இடம்.
கண்ணை ஒட்டி வைத்துச் சுடுகிறவர்களை
அது அப்படித்தான் கையெழுத்துப் போட்டு அனுப்பும்.

முஸப்பஹ் அல் ஷெஹி.
ராஸ் அல் கைமா, நக்கீல் கடைத்தெரு,
ஆகஸ்ட், மாலை ஆறரை.
அடுத்த மாதம் தான்சானியா போகிறார். காட்டெருமை.
"இருப்பதில் பெரியதை எடு" என்றார்
விருந்துக்கு ஆட்டுத்தொடை கேட்கிற குரலில்.

எடுத்து வைத்தேன்.
ஐந்து முதல் இருபத்தைந்து மடங்கு,
ஐம்பத்தாறு மில்லிமீட்டர் வாய்,
இரண்டு கையாலும் ஏந்த வேண்டிய கனம்.
விலையை திர்ஹத்தில் சொன்னேன்.
என் சம்பளத்தில் ஐந்து மாதம் என்று சொல்லவில்லை.

நான் சுட்டவனில்லை.
பதினோரு வருஷமாக இந்தக் கடையில் நிற்கிறேன்,
ஒரு தோட்டாவின் சூடு தெரியாது.
எண்கள் தெரியும்.
எந்தத் திருகை எவ்வளவு இறுக்குவது என்று தெரியும்.
யார் எதை வாங்கிப்போய்
எந்த முகத்தோடு திரும்பினார்கள் என்று தெரியும்.

கதவுக்கு வெளியே கால் வைத்ததும்
ஏசியில் கிடந்த கண்ணாடி வெள்ளையாய்ப் பூத்தது.
"பழுது" என்றார்.
இல்லை, இது ஊர்க்காற்று.
உள்ளே நைட்ரஜன், அங்கே வியர்க்காது.
துணியால் ஒற்றிக் கொடுத்தேன்.

எதிர்ச்சாரியில் ஒரு கட்டடம் எழும்புகிறது.
சாரத்தில் ஒருவன்
போத்தல் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தான்.
குழல் மெல்ல அவன் பக்கம் திரும்பியது.
நுனியில் ஒரு விரல் வைத்துத் தள்ளினேன்.
"மனுஷன்மேல் வேண்டாம், அர்பாப்.
அதோ, மருந்துக்கடை."

பச்சைச் சிலுவை எரிகிற பலகை.
கடைக்கு வருகிற எல்லாக் குறியையும்
அதன்மேல் வைத்துத்தான் சரிபார்ப்பேன்.
கூட்டல்மேல் கூட்டல்.
பிசகினால் உடனே தெரியும்.

இருபத்தைந்தில் வைத்தார்.
"ஆடுகிறது."
நிலையில் சாய்த்துக்கொள்ளுங்கள்.
சாய்த்தார். மூச்சையும் பிடித்தார்.
"இன்னும் ஆடுகிறது. விட்டு விட்டு, ஒரு கணக்கோடு."
"அது உங்கள் நாடி" என்றேன்.

கண்ணை எடுக்காமலே நின்றார்.
பாங்கு கேட்டது, முடிந்தது.
பிறகு சொன்னார்:

போன வருஷமும் இதே மாதிரி ஒன்று. துபாயில் வாங்கியது.
புதருக்குள் நாற்பது மீட்டர்.
குழல் நிறையக் கறுப்பு.
தோளா வயிறா தெரியவில்லை. அழுத்திவிட்டேன்.
இலையில் மூன்று துளி. இருட்டும்வரை தேடினோம்.
அவர்கள் விதி அது, ரத்தம் விழுந்தால் உன் கணக்கு.
முழுப்பணமும் கட்டினேன்.
கட்டியும்...

விரல் போய்த் தழும்பைத் தொட்டது.

அடித்தட்டிலிருந்து சின்னதை எடுத்தேன்.
ஒன்று முதல் ஆறு, இருபத்து நான்கு.
காட்டச் சொல்லி யாரும் கேட்காதது.
இரண்டு கண்ணையும் திறந்துகொள்ளுங்கள்.
ஒன்றில் வையுங்கள்.
கண்ணுக்கும் இதற்கும் நடுவே மூன்றரை அங்குலம்,
குறையவே கூடாது.
தெருவே தெரிகிறதா?
எருமையும் முழுசாகத் தெரியும்.
தலை எந்தப் பக்கம், பின்னால் கன்று நிற்கிறதா...

"நீ வேட்டைக்குப் போயிருக்கிறாயா?"
இல்லை.
"எதைத்தான் குறிபார்த்திருக்கிறாய்?"
மருந்துக்கடையை. தினமும்.
சிரித்தார். அட்டையை நீட்டினார்.

கணக்கு முடிக்கையில் முதலாளி கேட்டார்:
பெரியதைக் கேட்டு வந்தவனுக்குச் சின்னதை விற்கிற ஆளை
எங்கேயாவது பார்த்திருக்கிறாயா?
என் கமிஷனில் முக்கால்வாசி போனது.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
பெரியதைப் பெட்டியில் வைக்குமுன்
ஒருமுறை கண்ணுக்குக் கொண்டுபோனேன்.
இருபத்தைந்தில் பச்சைச் சிலுவை குதித்தது.
கடிகாரத்தை வைத்து எண்ணினேன். எண்பத்து நான்கு.

அந்த எருமைக்கும் இந்நேரம்
எங்கோ சேற்றில் படுத்து
இப்படி ஒன்று அடித்துக்கொண்டிருக்கலாம்.
காசு கட்டியாகிவிட்டது.